வடமேற்குச் சுவர்

நெருப்பு கொண்டுபோயிருந்தேன்.
நகராட்சி கொடுத்த சின்ன எரிவாயு விளக்கு,
ஒரு நிறுத்துக் கடிகாரம்,
நான்கு பக்கப் படிவம்.

சிலோயே தீவில் மழைக்குத் திசை உண்டு.
வடமேற்கிலிருந்து குறுக்காக வரும்.
கதவைத் தட்டாது,
ஆணித் துளை வழியே உள்ளே வரும்.
எந்த வீட்டிலும்
முதலில் சாவது அந்தப் பக்கத்துச் சுவர்தான்.

ஒர்ஃபெலினா சிகுவாய் வீட்டில்
அந்தச் சுவருக்கு மரம் இல்லை.
மீனுக்கு இருப்பதுபோல்
ஒன்றின் மேல் ஒன்று படிந்த செதில்கள்,
ஆயிரத்து நானூறு.
எல்லாம் சால்மன் பண்ணைகள் விட்டுப்போனவை:
உடைந்த மிதவை, இற்ற கயிறு, தீவனக் குழாய்.
நீலமும் ஆரஞ்சும் பச்சையும் சேர்ந்து உருகினால்
வானவில் வருவதில்லை.
கடற்சிங்கத்தின் முதுகு நிறம் வருகிறது.

"உருக்கி ஊற்றினீர்களா?"
"ஊத்தினா குமிழி விழும். அழுத்தணும்."
ஏணியிலிருந்து இறங்காமலே திருத்தினாள்.
ஏணியைப் பிடித்திருந்த
அவள் தங்கை கணவன் எர்வால்தோ
தன் உள்ளங்கைத் தழும்பைக் காட்டினான்,
அழுத்தும்போது வாங்கியதாம்.

எரிப்பதற்கென்றே ஏழு செதில் எடுத்து வைத்திருந்தாள்.
முதலாவது மெழுகாய்ச் சொட்டியது,
சொட்டிய துளியும் எரிந்தது.
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
"அது போன வருஷக் கலவை" என்றாள்,
"இதைப் பாருங்க, சிப்பி ஓட்டுத் தூள் போட்டது."
பத்தொன்பது விநாடி யோசித்துவிட்டு
அதுவும் பிடித்துக்கொண்டது.
புகை என் கோட்டில் ஏறியது,
இன்னும் போகவில்லை.

ஒரு செதிலில் மட்டும்
பண்ணை நிறுவனத்தின் முத்திரை
பாதி உருகாமல் நின்றுவிட்டது.
அதைப் பார்த்துவிட்டுப் படகில் ஒருவர் வந்தாராம்,
காலணியில் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர்.
"இது எங்கள் சொத்து."
"பதினோரு வருஷம் கரையில கெடந்துச்சே,
அப்போ யார் சொத்து?"
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தவர்
குரலை இறக்கினார்:
அந்த ஒன்றையாவது திருப்பி மாட்ட முடியுமா?
"பின்பக்கம் சொரசொரப்பு,
தண்ணி நிக்கும்."
அதோடு பேச்சு முடிந்தது.

மேகம் விலகி வெயில் விழுந்தபோது
சுவர் சொடக்கு விட்டது.
அங்கொன்று, இங்கொன்று,
பிறகு வரிசையாக.
நான் பின்வாங்கியதைக் கண்டு
இருவரும் சிரித்தார்கள்.
சூட்டில் நீளுமாம், குளிரில் சுருங்குமாம்.
அதனால்தான் துளைகள் வட்டமில்லை, நீள்வட்டம்.
அதனால்தான் திருகாணியை
முக்கால் சுற்றோடு விட்டுவிடுகிறாள்.
"இறுக்கிப் பிடிச்சா முறுக்கிக்கும்."
எர்வால்தோ அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போதுதான் கவனித்தேன்:
கூரைநீர்க் குழாயின் வாயில்
ஒரு காலுறை கட்டியிருந்தது.
மாதம் ஒருமுறை அவிழ்த்து, உலர்த்தி,
வெண்ணெய்த் தராசில் வைக்கிறாள்.
சமையலறைக் கதவுக்குப் பின்னால்
பென்சிலில் எட்டு மாத எடைகள்.
ஜூலை மட்டும் அடிக்கோடிட்டு.
"சுவர் எவ்வளவு உதிருதுன்னு
எனக்குத் தெரிய வேணாமா?
கடல்லேர்ந்து எடுத்ததைக்
கடலுக்கே தூளாக்கித் திருப்பிக் குடுக்கவா?"
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அடுப்புப் புகைக்குழாயைச் சுற்றி ஒரு மீட்டர்
செதில் கூடாது, தகரம் அடி என்றேன்.
வாதாடுவாள் என்று நினைத்தேன்.
ஏணியை நகர்த்தச் சொல்லிவிட்டு
அப்போதே கழற்றத் தொடங்கினாள்,
திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு.

திரும்பும் படகில் எழுதி முடித்தேன்.
பயன்பாடு: வெளிச்சுவர்.
நிலை: நிபந்தனையோடு அனுமதி.
தயாரிப்பாளர் பெயர் என்ற இடத்தில்
பேனா நின்றது.
மழை சன்னலில் குறுக்காக ஓடியது.
பிறகு அந்த முத்திரையை,
எஞ்சியிருந்த பாதியை மட்டும்,
வளைவு பிசகாமல் வரைந்தேன்.

அலுவலகத்தில் யாரும்
இதுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை.